அத்தையின் கண்ணுக்கும் கைக்கும் ஏற்ற வாசிப்புக் கருவி

குடியாத்தத்தில் வசிக்கும் என் அத்தைக்கு 2025 வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உறவினர் எல்லோரும் கூடியிருந்தபோது, அமேசானின் கிண்டில் பேப்பர்வைட் வாசிப்புக் கருவி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தேன். அதற்கு முன்பு, தை மாதம் தொடங்கி மூன்று மாத காலம், என் தம்பி வீட்டில் பயன்படுத்தாமல் கிடந்த 11 அங்குல சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் கருவியை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தேன். ஒரே மனிதர், ஒரே வீட்டில், ஒரே வகையான நூல்களுக்காக இரண்டு கருவிகளையும் கையாண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் நான் தேடிப் படித்த மதிப்புரைகள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கில நூல் படிப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எழுத்தைப் பெரிதாக்கினால் தமிழ் வரி எப்படி உடைகிறது, பழைய தமிழ்க் கோப்புகளைக் கருவி எப்படிக் காட்டுகிறது என்று எனக்குத் தேவைப்பட்ட செய்திகள் அவற்றில் கிடைக்கவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாவல், சிறுகதை, வரலாறு என்று தொடர்ச்சியாக உரைநடை படிப்பவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், கையில் கனம் தாங்காதவர் என்றால் 7 அங்குலத் திரை உள்ள பேப்பர்வைட் மிகப் பொருத்தமான பரிசு. ஆனால் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தால் அது ஒரு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடும். வார இதழ், நாளிதழ், பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகள் ஆகியவற்றையே பெரிதும் படிப்பவருக்கு 10 அல்லது 11 அங்குல டேப் வாங்குங்கள். விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக 6 அங்குலக் கருவியைத் தமிழ் படிக்கும் மூத்தவர் எவருக்கும் வாங்கித் தர வேண்டாம்.

அத்தைக்கு வயது 69. நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளை நூலகத்தில் எடுக்கும் நூல்களை வரிசையாகப் படித்து முடித்து, படித்தவற்றின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. வேலூர் ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனையில் அவருக்கு இரண்டு கண்களிலும் புரை நீக்கிச் செயற்கை லென்ஸ் பொருத்தியிருக்கிறார்கள். வழக்கமாகப் பொருத்தப்படும் ஒற்றைக் குவிய லென்ஸ், இயற்கை லென்ஸைப் போலத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தன்னை மாற்றிக்கொள்ளாது. தூரப் பார்வைக்காக வைத்தால் படிப்பதற்குத் தனிக் கண்ணாடி வேண்டும். அறுவைக்குப் பிறகு நிறங்கள் தெளிவாகத் தெரிகின்றன என்று மகிழ்ந்த அத்தை, நூலகப் புத்தகங்களின் சிறிய எழுத்தையும் மங்கிய தாளையும் பார்த்து மட்டும் சோர்ந்துபோனார். அதோடு விரல் மூட்டு வலியும் சேர்ந்துகொண்டதால், கெட்டி அட்டை போட்ட 600 பக்க நூலை மடியில் தலையணை வைத்து அதன்மேல் சாய்த்துத்தான் படிக்க முடிந்தது. பரிசு தேடியபோது என் முன்னால் இருந்த கேள்வி, எந்தக் கருவி சிறந்தது என்பதைவிட, இந்தக் கண்ணும் இந்தக் கையும் இந்த நூல்களைத் திரும்பப் படிப்பதற்கு எது உதவும் என்பதாகவே இருந்தது.

கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலூரில் ஆபீசர்ஸ் லைன் பக்கத்திலும் காட்பாடி சாலையிலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் டேப்கள் வரிசையாக இருந்தன. கிண்டில் போல, அச்சுத் தாளை ஒத்த திரை உள்ள மின்தாள் வாசிப்புக் கருவி எதுவும் கையில் எடுத்துப் பார்ப்பதற்குக் கிடைக்கவில்லை. ஒரு கடையில், படிப்பதற்கு என்று நான் சொன்ன பிறகும், திரையில் திரைப்படக் காட்சியை ஓட்டிக் காட்டி, நிறம் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்றார்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து காட்டும்படி கேட்டேன். அதற்கு இணைய இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பரிசு பெறுபவர் படிக்கப்போகும் நூலின் ஒரு பக்கத்தையாவது அந்தத் திரையில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கடைக்குப் போகும்போது உங்கள் கைபேசியில் ஒரு தமிழ் மின்னூலைப் பதிந்து எடுத்துச் சென்றால், அங்கேயே டேபுக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம்.

தம்பியின் டேப் அத்தையிடம் இருந்த மூன்று மாதங்களில் நன்மையும் தீமையும் கலந்தே இருந்தன. வார இதழின் ஒரு முழுப் பக்கம் அந்தத் திரையில் ஏறக்குறைய முழுமையாக அடங்கியது. விரலால் விரித்தால் எழுத்து பெரிதாயிற்று. படங்கள் வண்ணத்தில் தெரிந்தன. கண் களைத்த நேரத்தில் கூகுளின் தமிழ்க் குரல் பக்கத்தை வாசித்துக் காட்டியதை அத்தை வியப்போடு கேட்டார். சென்னையில் படிக்கும் பேத்தியோடு முகம் பார்த்துப் பேசியதும் அந்தத் திரையில்தான். ஆனால் கருவியின் எடை ஏறக்குறைய 480 கிராம்; உறையோடு சேர்த்தால் முக்கால் கிலோவை நெருங்கியது. ஒரு கையில் பிடிப்பது அவரால் முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்தால் பளபளப்பான கண்ணாடியில் தெருவும் வானமும் தெரிந்தன. கூடத்தில் உட்கார்ந்தால் குழல் விளக்கின் பிம்பம் வரிகளின் குறுக்கே விழுந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் கண் கூசியது, குறைத்தால் எழுத்து மங்கியது. படித்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து செய்திகள் இறங்கி வந்தன. அவற்றில் விரல் பட்டு வேறு எங்கோ போய்விட்டால் திரும்பி வர வழி தெரியாமல் யாராவது வரும்வரை காத்திருந்தார். மூன்று மாதத்தில் அவர் நோட்டில் புதிதாக ஏறிய நூல் ஒன்றே ஒன்று, அதுவும் பாதி. படிப்பதில் ஆர்வம் குறையாத ஒருவர் இப்படி நின்றுபோனதைப் பார்த்த பிறகுதான் மின்தாள் திரையின் பக்கம் என் கவனம் திரும்பியது.

மின்தாள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளிதில் விளங்கும். டேபின் திரை பின்னாலிருந்து வரும் ஒளியை நம் கண்ணை நோக்கி அனுப்புகிறது. மின்தாள் திரையிலோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய குமிழிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற கருப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கு ஏற்பக் கருப்போ வெள்ளையோ மேலே வந்து நின்றுவிடும். நின்ற பிறகு அந்தப் பக்கத்தை அப்படியே வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை. அச்சிட்ட தாளைப் போல அறையின் வெளிச்சத்தையே அது திருப்பி அனுப்புவதால், வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் தெளிவாகிறது. இந்த முறையை வளர்த்தெடுத்த ஈ இங்க் நிறுவனம் 1997இல் தொடங்கப்பட்டது. இன்று சந்தையில் உள்ள வாசிப்புக் கருவிகளில் பெரும்பாலானவை அதன் திரையையே பயன்படுத்துகின்றன. இரவில் படிப்பதற்காகப் பேப்பர்வைட்டில் திரையின் விளிம்பிலிருந்து எழுத்தின் மேல் பரவும் ஒளி உண்டு; அதை வெள்ளையிலிருந்து மஞ்சள் சாயலுக்கு மாற்றிக்கொள்ளலாம். அத்தை அதை அகல் விளக்கு நிறத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு மாற்றவே இல்லை. பிற்பகல் நான்கு மணிக்கு மொட்டை மாடியில், நம் ஊர் வெயில் இன்னும் தணியாத நேரத்தில், வேப்ப மரத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு அவர் படிப்பதைப் பார்க்கும்போது இந்தக் கருவிக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை என்று தோன்றுகிறது.

இனி, ஆங்கில மதிப்புரைகளில் நான் காணாத செய்திக்கு வருகிறேன். தமிழ்ச் சொல் நீளமானது. "எடுத்துக்கொண்டிருந்தார்கள்" என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் மூன்று, நான்கு சொற்கள் பிடிக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் ஒரு வரியில் நான்கைந்து சொற்கள் நிற்கும். தமிழில் அதே அளவுக்குப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொற்கள், சில வரிகளில் ஒரே சொல்தான் நிற்கும். என் அலுவலகத் தோழி ஒருவரின் 6 அங்குலக் கிண்டிலை இரவல் வாங்கி அத்தையிடம் காட்டினேன். எடை 158 கிராம்தான். ஒரு பிஸ்கட் பொட்டலம் போலக் கையில் அடங்கியது. எழுத்தின் கூர்மையும் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அதே தரம்தான். ஆனால் அத்தைக்குத் தேவையான எழுத்து அளவை வைத்தவுடன் பக்கம் முழுவதும் ஓட்டை விழுந்தாற்போல் ஆயிற்று. வரியின் இரு ஓரங்களையும் சமமாக்க வேண்டும் என்பதற்காகக் கருவி இரண்டு சொற்களுக்கு நடுவில் பெரிய இடைவெளியை விட்டது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. "வாக்கியத்தோட தொடக்கம் மறந்துபோகுது கண்ணு" என்றார் அத்தை. அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது.

7 அங்குலத் திரையில் அதே எழுத்து அளவில் வரிக்கு மூன்று, நான்கு சொற்கள் நிற்கின்றன. ஓர் அங்குலம் என்பது காகிதத்தில் சிறிய வேறுபாடாகத் தெரியலாம். மூத்தவரின் எழுத்து அளவில், தமிழில், அது படிக்க முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் இடையிலான வேறுபாடு. எழுத்து அமைப்புப் பகுதிக்குள் போய், இரு ஓரமும் சமமாக நிற்கும் வரி அமைப்பை நீக்கி, இடது ஓரம் மட்டும் ஒழுங்காக நிற்கும்படி மாற்றினால், பல நூல்களில் சொற்களுக்கு நடுவில் விழும் ஓட்டையும் மறைந்துவிடுகிறது. தமிழ் படிப்பவருக்குக் கருவியைக் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு மாற்றத்தை மறக்காமல் செய்துவிடுங்கள். எழுத்துருவின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஆங்கிலத்துக்கு உள்ள அளவு தமிழுக்கு இல்லை என்பது எனக்கு உள்ள குறை. இருக்கும் எழுத்துரு படிப்பதற்குத் தெளிவாகவே இருக்கிறது. இன்னும் பெரிய மின்தாள் திரை வேண்டுமென்றால், நான் தேடிய நேரத்தில் 10.2 அங்குலக் கிண்டில் ஸ்கிரைப் இருந்தது. ஆனால் அதன் எடை 433 கிராம், விலையும் வெகுவாகக் கூடியது. கை வலி உள்ளவருக்கு அது டேப் தந்த அதே சிக்கலைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

நூல்களைப் பொறுத்தவரை, கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரிலிருந்து முறைப்படி கிடைக்கின்றன. அதற்கு முன்பு கிண்டிலில் தமிழைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நின்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. எண்ணிக்கைக்குக் குறைவில்லை, தரத்தில்தான் ஏற்றத்தாழ்வு மிகுதி. நல்ல பதிப்பகங்கள் மெய்ப்புப் பார்த்து வெளியிட்ட மின்னூல்களும், அச்சு நூலை ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளில் போட்டு அப்படியே ஏற்றியவையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டாம் வகையில் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் வந்திருக்கும்; எகரம் வர வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் பலர் கடந்துபோய்விடலாம். முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய அத்தையால் கடந்துபோக முடியவில்லை. முதல் வாரத்தில் அவர் கையில் கிடைத்த ஒரு நூலில் பத்துப் பக்கத்துக்குள் பதினேழு பிழைகளைக் குறித்துக் கொடுத்தார். அன்று முதல் எந்த நூலையும் வாங்குவதற்கு முன் இலவச மாதிரிப் பகுதியை இறக்கிப் பார்த்துவிடுகிறேன். பரிசோடு சேர்த்துச் சில நூல்களையும் வாங்கித் தர நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். முதலில் திறக்கும் நூலே பிழை மலிந்ததாக இருந்தால், மூத்தவர் நூலின் மேல் வரும் வெறுப்பைக் கருவியின் மேல் காட்டிவிடுவார்.

கடையில் வாங்குவதைத் தவிர, சட்டத்துக்கு உட்பட்டு இலவசமாகக் கிடைக்கும் தமிழ் நூல்களும் ஏராளம். 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் சங்க இலக்கியம், திருமுறைகள் தொடங்கி இக்கால உரைநடை வரை வைத்திருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம், ஆசிரியர்கள் மனமுவந்து பகிர்ந்த நூல்களை ஈபப் என்ற மின்னூல் கோப்பு வடிவிலும், 6 அங்குலத் திரைக்கு ஏற்ற பிடிஎஃப் வடிவிலும் தருகிறது. கிண்டிலுக்கு என்று உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு ஈபப் கோப்பை அனுப்பினால், 2022 முதல் அது நேரடியாகவே ஏற்றுக்கொள்கிறது. இதனால் வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டில் இருந்தபடியே குடியாத்தத்தில் உள்ள அத்தையின் கருவிக்கு நூல் அனுப்ப முடிகிறது. உறவினருக்குப் பரிசு கொடுப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இந்தக் கருவியில் எதுவும் இல்லை என்பேன்.

பழைய கோப்புகள் வேறு கதை. மறைந்த மாமா, தம் ஊர் நினைவுகளை 2000ஆம் ஆண்டு வாக்கில் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அதைக் கிண்டிலில் படிக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. அனுப்பிப் பார்த்தபோது திரையில் வந்தது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியல். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் தமிழுக்கு டிஸ்கி, டாம், டாப், பாமினி, வானவில் என்று பல குறிமுறைகள் வழங்கின. அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டுமே அவை தமிழாகத் தெரியும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றதே 2010இல்தான். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றி மென்பொருளில் இட்டு ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இரவுகள் உட்கார்ந்து பிழை திருத்தி அனுப்பிய பிறகு மாமாவின் எழுத்து அந்தத் திரையில் பெரிதாக, தெளிவாக நின்றது. அத்தை அன்று வேறு எதையும் படிக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் இப்படிப் பழைய கோப்புகள் இருந்தால், கருவி வாங்குவதற்கு முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் நூல்களுக்குப் பேப்பர்வைட் பயன்படாது என்று துணிந்தே சொல்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள அரிய பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கங்களின் ஒளிப்படங்களாகவே இருக்கின்றன. அவற்றில் எழுத்தைத் தனியாகப் பெரிதாக்க முடியாது, படத்தைத்தான் பெரிதாக்கலாம். பெரிதாக்கிய படத்தை இடமும் வலமும் நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் மின்தாள் மெதுவாகத் திரும்ப வரைவதைப் பார்த்துக்கொண்டு படிப்பது இளையவருக்கே எரிச்சல் தரும். அத்தை கேட்ட ஒரு பழைய உரைநூல் இந்த வடிவில் மட்டுமே கிடைத்ததால், அதைப் பெரிய தாளில் அச்சிட்டு, காட்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்துவிட்டேன். வார இதழ்களையும் அவர் இன்னும் கடையில் தாளாகவே வாங்குகிறார்.

பழகும் காலத்தில் வந்த தடைகளில் முதன்மையானது தொடுதல். இந்தக் கருவியில் பக்கம் புரட்டப் பொத்தான் கிடையாது; திரையைத்தான் தொட வேண்டும். வயதானவரின் விரல் நுனி உலர்ந்தும் தடித்தும் இருப்பதால் சில நேரம் திரை அதை உணர்வதில்லை. உணரவில்லையே என்று அழுத்திப் பிடித்தால், சொல்லைத் தேர்ந்தெடுத்து அகராதிப் பெட்டியைத் திறந்துவிடுகிறது. தமிழ்ச் சொல்லுக்கு அதில் எங்களுக்குப் பொருளும் கிடைக்கவில்லை. அழுத்தாமல், பூவைத் தொடுவது போலத் தொட்டு எடுங்கள் என்று சொல்லிப் பழக்க ஒரு வாரம் ஆயிற்று. அடுத்தது, அவ்வப்போது பக்கம் மாறும்போது திரை ஒரு கணம் கருத்து மீள்வது. முந்தைய பக்கத்தின் நிழல் தங்காமல் இருப்பதற்காகக் கருவி செய்யும் வேலை அது. நான் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டதால் அத்தை கலங்கிப்போய், "இன்னா கண்ணு, கருப்பாகிக் கருப்பாகி வருது, நான் எதையாவது கெடுத்துட்டேனா?" என்று இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கேட்டார். இப்படிப்பட்ட அச்சம் ஒருமுறை வந்துவிட்டால் மூத்தவர்கள் கருவியைத் தொடுவதற்கே தயங்குவார்கள். கொடுக்கும் நாளிலேயே இதைச் செய்து காட்டி விளக்கிவிட வேண்டும்.

ஆயத்த வேலைக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். கருவியை என் கணக்கிலேயே பதிந்தேன். நூல் வாங்குவதும் அனுப்புவதும் என் பொறுப்பு. தவறி விரல் பட்டு எதையும் வாங்கிவிடாமல் இருக்கக் கடைப் பகுதியைக் கடவுச்சொல் போட்டு மூடினேன். என்னுடைய மற்ற நூல்கள் அவர் கண்ணில் பட்டுக் குழப்பாமல் இருக்க, கருவியில் இறக்கியவை மட்டும் தெரியும்படி வைத்தேன். மெனு ஆங்கிலத்தில் உள்ளதால் அதன் எழுத்தைப் பெரிய அளவுக்கு மாற்றினேன். எழுப்புவது, நூலைத் திறப்பது, முன்பக்கம் பின்பக்கம் போவது, வீட்டுப் பக்கத்துக்குத் திரும்புவது ஆகிய நான்கை மட்டும் தடித்த பேனாவில் தமிழில் எழுதி உறைக்குள் செருகினேன். பன்னிரண்டு நூல்களை இறக்கி, அவற்றில் முதலாவதாக அவர் இளமையில் படித்து விரும்பிய நாவலைத் திறந்த நிலையிலேயே வைத்துக் கொடுத்தேன். தெரிந்த கதை என்பதால் புதிய கருவியில் அவருடைய கவனம் கதைக்கும் கைப்பழக்கத்துக்கும் இடையே சிதறவில்லை. முதல் நாளே முப்பது பக்கம் படித்தார்.

மின்கலத்தைப் பற்றி நிறுவனம் சொல்லும் 12 வாரம் என்ற கணக்கு, நாளுக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்த நிலையில் படிப்பவருக்கு உரியது. மொத்தத்தில் அது 42 மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம் படிக்கும் அத்தைக்கு இரண்டு வாரம் வருகிறது, அவ்வளவே. டேபை ஒவ்வொரு நாளும் மின்னேற்ற வேண்டியிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இதுவும் பெரிய நிம்மதிதான். பெட்டியில் கம்பி மட்டுமே வரும். வீட்டில் உள்ள கைபேசி சார்ஜரில் செருகிக்கொள்ளலாம். இது வைஃபையில் மட்டும் இயங்குவதால், அகலக்கற்றை இணைப்பு இல்லாத வீட்டில் யாராவது கைபேசியிலிருந்து இணைப்புத் தர வேண்டும். நூல் இறங்கிய பிறகு இணைப்பு தேவையில்லை. தண்ணீர் பட்டால் கெடாது என்பதும் சமையலறைத் திண்டில் வைத்துப் படிப்பவருக்கு நல்ல செய்தி. வெப்பத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஐபேடைப் பயன்படுத்தத் தகுந்த சூழல் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது; சித்திரை, வைகாசியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். எந்தக் கருவியானாலும் வெயில் விழும் சன்னலோரத்திலும் பூட்டிய காருக்குள்ளும் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். உறையை ஆம்பூரில் தோல் வேலை செய்யும் உறவினர் ஒருவர் மெல்லிய ஆட்டுத்தோலில் தைத்துக் கொடுத்தார். மூடியில் சிறு காந்தம் வைத்ததால், திறந்தவுடன் கருவி தானே விழித்துக்கொள்கிறது. அத்தை பொத்தானைத் தேட வேண்டியதில்லை.

ஒரு குறை என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அத்தை படித்து முடித்த நூலை எதிர்வீட்டு அம்மாவுக்குக் கொடுப்பார்; அவர் தம் மருமகளுக்குக் கொடுப்பார்; ஒரு மாதம் கழித்து அந்த நூலைப் பற்றி மூவரும் வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள். கிண்டில் நூல் அப்படிக் கை மாறாது. நாம் பணம் கொடுத்துப் பெறுவது படிக்கும் உரிமம் மட்டுமே. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரி 26 முதல் நீக்கிவிட்டது. இதை அத்தையிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, மிகவும் பிடித்த நூல்களைத் தாளாகவே வாங்கி வரும்படி கேட்டுக்கொண்டார். அதனால் இப்போது இரண்டு வழியும் நடக்கிறது.

நான் வாங்கியபோது பேப்பர்வைட்டின் விலை 16,999 ரூபாய். சந்தா கட்டி நூல்களை இரவல் பெற்றுப் படிக்கும் கிண்டில் அன்லிமிட்டெட் திட்டம் அப்போது மாதம் 169 ரூபாய், ஆண்டுக்கு 2,028 ரூபாய் ஆயிற்று. தமிழில் நாவல் மிகுதியாகப் படிப்பவருக்கு முதல் ஓராண்டுக்கு அது பயன் தரும். பிறகு, அவர் என்ன படிக்கிறார் என்று பார்த்துத் தனித்தனியாக வாங்குவதே நல்லது. எட்டு மாதத்தில் அத்தையின் நோட்டில் இருபத்தாறு நூல்கள் ஏறியிருக்கின்றன.

ஆரணியில் இருக்கும் பெரியப்பாவுக்கும் இதுபோல ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர் காலையில் நான்கு நாளிதழ்களைப் புரட்டுபவர். மாலையில் திருமுறைப் பண்ணிசை கேட்பவர். நாவல் படித்து நான் பார்த்ததில்லை. கைக்கு வலியும் இல்லை, கண்ணாடியோடு நன்றாகவே பார்க்கிறார். அவருக்கு சிம் போடக்கூடிய 11 அங்குல டேப் ஒன்றும், அதை மேசையில் சாய்த்து நிறுத்த ஒரு தாங்கியும், பளபளப்பைக் குறைக்கும் திரை உறையும் வாங்குவதாக முடிவு செய்திருக்கிறேன்.